சிறைக்குள் வந்த வண்டு

1762-ம் ஆண்டு நவம்பர் 29-ந் தேதி. பிரான்சு தேசத்தின் தென்மேற்குப் பகுதியிலுள்ள ப்ரீவ் என்ற சிற்றூரில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தைக்குத் தகப்பனார் இல்லாமல் இல்லை. அவர் பெரிய பிரபு, படைத் தளபதி, தெஸ்பஞாக் சீமான் என்றால் அறியாதவர் கிடையாது. ஆனால் அதைத் தம் பிள்ளை என்று ஊரறியச் சொல்லிக்கொள்ள அவர் கடைசி வரையில் முன்வரவில்லை. பெற்றவளோ குழந்தையை விட்டுவிட்டுப் போய்விட்டாள். அவள் யாரென்பது யாருக்கும் தெரியாமலே மறைந்துவிட்டது.

பியேர் ஆந்த்ரே என்று பெயர் வைத்தார்கள். குடும்பப் பெயர் கிடையாது. லத்ரேய் என்பது ஏதோ ஒரு பட்டப் பெயரிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. அந்தப் பெயர்கூடச் சட்டப்படி அவருக்குச் சொந்தமானது 1813-ம் ஆண்டில்தான். அதற்குள் அவருக்கு ஐம்பது வயதாகிவிட்டது!

இப்படிப் பெயரில்லாமல் பிறந்த பிள்ளைதான் பிற்காலத்தில் உலகத்துப் பூச்சிகளுக்கெல்லாம் குடும்பம் குடும்பமாகப் பெயர் சூட்டினார். பூமியில் உள்ள அத்தனை எறும்பு இனங்களும் சேர்ந்து ஒரே குடும்பம். அந்தக் குடும்பத்தின் விஞ்ஞானப் பெயருக்குப் பக்கத்தில் இன்றும் அவர் பெயரைத்தான் போடுகிறார்கள். மழைக்காலத்தில் விளக்கு வெளிச்சத்துக்கு வந்து விழுகிறதே பிள்ளைப்பூச்சி, அதன் விஞ்ஞானப் பெயர் 1802-ல் அவர் வைத்தது. வீட்டு உத்தரத்தைத் துளைத்துக் குடியிருக்கும் பெரிய கருவண்டு, வண்டே அல்ல, தேனீயின் உறவு. அந்த இனத்துக்குப் பெயர் வைத்தவரும் அவரே. நம் தெரு நாய்களின் காதில் கொத்துக் கொத்தாய்த் தொங்கும் உண்ணியை முதன்முதலில் விவரித்து எழுதியவரும் அவர்தான்.

இத்தனையும் நடப்பதற்கு முன்பே, 31-வது வயதில், அந்த மனிதரின் ஆயுள் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. காரணம், ஒரு வண்டு. அதுவும் பூவில் தேன் குடிக்கும் அழகு வண்டு அல்ல. செத்துக் காய்ந்த பிணத்தை நாடிவரும் வண்டு.

அங்கியும் பூச்சி வலையும்

அநாதைப் பிள்ளைக்குப் புண்ணியவான்கள் சிலர் ஆதரவு தந்தார்கள். முதலில் ஒரு வைத்தியர். பிறகு ப்ரீவ் ஊர் வியாபாரி ஒருவர். அதன்பின் பிரபுவின் குடும்பத்தாரே 1778-ல் பையனைப் பாரிசுக்கு அழைத்துச் சென்று படிக்க வைத்தார்கள். வம்சமும் சொத்தும் இல்லாத பிள்ளைக்கு அந்தக் காலத்தில் கௌரவமான பிழைப்பு ஒன்று உண்டென்றால், அது பாதிரியாராவதுதான். லத்ரேயும் அந்த வழியில்தான் விடப்பட்டார். 1780-ல் லிமோஜ் நகரத்துக் குருமடத்தில் சேர்ந்து, 1786-ல் படிப்பை முடித்துத் திருப்பட்டம் பெற்றார்.

பட்டம் பெற்றாரே தவிர, பாதிரியார் வேலை எதையும் அவர் பார்த்ததில்லை. கடிதங்களில் மட்டும் சில வருஷம் குருவென்று கையெழுத்திட்டு வந்தார். அவர் மனசு வேறிடத்தில் இருந்தது. பாரிசில் பேரறிஞர் புஃபோன் வளர்த்த அரசாங்கத் தோட்டம் ஒன்று இருந்தது. ஒழிந்த நேரமெல்லாம் அங்கேதான். நகரத்தைச் சுற்றியுள்ள புதர்களிலும் வயல்களிலும் பூச்சி பிடித்துக்கொண்டு திரிவார். படிகங்களின் அமைப்பை ஆராய்ந்து புகழ்பெற்ற ஆயுயி பாதிரியார் அவருக்குத் தாவர நூல் கற்பித்தார். அவர் மூலமாக லாமார்க்கின் பழக்கமும் கிடைத்தது.

1792-ல் லத்ரேயின் முதல் ஆராய்ச்சிக் கட்டுரை வெளிவந்தது. பார்வைக்கு எறும்புபோல் இருக்கும் ஒரு வகைக் குளவியைப் பற்றிய கட்டுரை அது. அந்தக் குளவியில் பெண்ணுக்குச் சிறகு கிடையாது. ஆனால் கொட்டினால் தெரியும் சேதி! நாட்டில் ராஜாவின் சிம்மாசனம் ஆடிக்கொண்டிருந்த வருஷத்தில் குளவியைப் பற்றி யார் படிப்பார்கள்? ஆனாலும் படித்தவர்கள் சிலர் இருந்தார்கள்.

புரட்சி வந்தது

1789-ல் மூண்ட பிரெஞ்சுப் புரட்சி அரசனை மட்டும் ஒழிக்கவில்லை. மடாலயங்களின் செல்வாக்கையும் ஒழிக்கப் புறப்பட்டது. 1790-ல் ஒரு சட்டம் வந்தது. குருமார்கள் எல்லோரும் அரசாங்கத்துக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய வேண்டும். செய்யாதவர்கள் தேசத் துரோகிகள் என்று கருதப்படும் காலமும் சீக்கிரமே வந்தது. லத்ரேய் பிரமாணம் செய்யவில்லை. பூசை செய்யாத பாதிரியார்தான். இருந்தாலும் பட்டியலில் பெயர் பாதிரியார் என்றுதானே இருக்கிறது?

அவருடைய ஆசிரியர் ஆயுயிக்கும் இதே கதிதான் நேர்ந்தது. 1792 ஆகஸ்டில் அவரைப் பிடித்து அடைத்தார்கள். ஜெப்ராய் சான் இலேர் என்ற இளம் மாணவர் அங்குமிங்கும் ஓடி, பெரிய மனிதர்களைப் பிடித்து, ஆசிரியரை மீட்டு வந்தார். அடுத்த சில நாட்களில், செப்டம்பர் மாதத் தொடக்கத்தில், பாரிஸ் சிறைகளுக்குள் கும்பல்கள் புகுந்து கைதிகளை வெட்டிக் கொன்றன. ஆயுயி தப்பியது நூலிழையில்.

லத்ரேய்க்கு 1793 நவம்பரில் விலங்கு விழுந்தது. மற்றக் குருமார்களோடு அவரையும் போர்டோ நகரத்துச் சிறையில் அடைத்தார்கள். உயிர் எப்போது போகுமோ என்ற நிலை. கைதிகளுக்கு மிச்சமிருந்த வேலை ஜெபம் செய்வதும், வாசற்கதவு திறக்கும் சத்தத்தைக் கேட்டு நடுங்குவதும்தான்.

ஒருநாள் கைதிகளைப் பார்வையிடச் சிறை டாக்டர் வந்தார். எல்லோரும் உடம்பைக் காட்டினார்கள், வியாதியைச் சொன்னார்கள். ஒருவர் மட்டும் டாக்டரைத் திரும்பியே பார்க்கவில்லை. தரையில் ஊர்ந்து கொண்டிருந்த எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த ஆளுக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். டாக்டர் ஆச்சரியத்தோடு விசாரித்தார். அது வண்டு என்றும், மிக அபூர்வமான வண்டு என்றும் கைதி விளக்கினார்.

அது என்ன வண்டு?

கொஞ்சம் நின்று அந்த வண்டைப் பார்த்துவிட்டுப் போகலாம்.

அதன் நீளம் ஐந்து மில்லிமீட்டர், ஏறக்குறைய ஒரு துவரம்பருப்பு அளவு. முதுகின் பின்பகுதி பளபளக்கும் எஃகு நீலம். தலையும் நீலம். நடுவே கழுத்தும் தோளும், சிறகு மூடியின் மேற்பகுதியும் செங்கல் சிவப்பு. கால்களும் சிவப்பு. உடம்பெல்லாம் மெல்லிய ரோமம். உணர்கொம்பின் நுனி சின்ன கதாயுதம்போல் தடித்திருக்கும். நீலச் சட்டைக்காரன் தோளில் சிவப்புத் துண்டைப் போட்டுக்கொண்டது போன்ற தோற்றம்.

இதற்கு நெருங்கிய உறவினர் இருவர் உண்டு. மூன்றையும் ஒன்றென்று நினைத்து ஏமாந்துபோவது சுலபம். ஒன்று முழுக்க நீலம், காலும் கருமை. இன்னொன்று உடம்பு நீலம், கால் மட்டும் சிவப்பு. இந்த இரண்டாவது வண்டு நம்மூர்க் கருவாட்டுக் கூடைக்கும் கொப்பரை மூட்டைக்கும் பழைய விருந்தாளி. கொப்பரை வண்டு என்றே அதற்குப் பெயர். எகிப்து தேசத்து மம்மிகளுக்குள்ளும் அதைக் கண்டெடுத்திருக்கிறார்கள். தோளும் சிவந்து காலும் சிவந்தது மட்டுமே லத்ரேய் பார்த்த வண்டு. துவரம்பருப்பு அளவுள்ள ஜந்துவில், மங்கிய சிறை வெளிச்சத்தில், தோள் எந்த நிறம், கால் எந்த நிறம் என்று பிரித்துப் பார்த்து இனம் காண்பதென்றால் சாமானியமா? பழகிய கண்ணுக்குத்தான் அது சாத்தியம்.

இந்த வண்டுக்கு முறைப்படி பெயரிட்டவர் ஃபாப்ரீசியஸ் என்ற டென்மார்க் நாட்டு அறிஞர், 1775-ல். தரங்கம்பாடி அப்போது டேனிஷ்காரர் வசம் இருந்தது. அங்கிருந்து போன பூச்சிகள் பலவற்றுக்கும் பெயர் வைத்தவர் இவரேதான். ஃபாப்ரீசியஸ் இந்த வண்டை வேறோர் இனத்தோடு சேர்த்து வைத்திருந்தார். அதைப் பிரித்து, நெக்ரோபியா என்ற புது இனமாக 1795-ல் அறிவித்தவர் ஒலிவியே என்ற பிரெஞ்சுக்காரர். கிரேக்க மொழியில் நெக்ரோஸ் என்றால் பிணம். பியோஸ் என்றால் வாழ்வு. பிணத்தில் வாழ்வது என்று பொருள். ரூபிகாலிஸ் என்ற அடைமொழிக்குச் செங்கழுத்து என்று அர்த்தம்.

பிராணி ஒன்று செத்து விழுந்தால் முதலில் வருவது ஈ. ஈ முட்டையிட்டுப் புழு நெளியும். பிறகு பிணம் புதைக்கும் வண்டுகளும், அழுகல் தின்னும் வண்டுகளும் வந்து சேரும். எல்லாம் தின்று முடித்து, தோலும் நரம்பும் எலும்பும் காய்ந்து கிடக்கும் கட்டத்தில்தான் நெக்ரோபியா வரும். காய்ந்த சதையையும் தின்னும். அங்கே திரியும் பிற பூச்சிகளின் புழுக்களையும் பிடித்துத் தின்னும். இன்றைக்குக் கொலை வழக்குகளில், இறந்து எத்தனை காலமாயிற்று என்று கணிக்கும் நிபுணர்கள் சடலத்தில் இந்த வண்டினம் இருக்கிறதா என்று பார்ப்பது இதனால்தான். போர்டோ சிறைக்குள் அது எப்படி வந்தது என்று அதிசயப்பட வேண்டியதில்லை. பலகை இடுக்கில் செத்துக் காய்ந்த எலி ஒன்று போதாதா?

உலகம் முழுவதையும் கணக்கெடுத்தால் இந்த வண்டு அப்படியொன்றும் அபூர்வமல்ல. தோலும் உப்புக்கண்டமும் ஏற்றிய கப்பல்களோடு ஊர் ஊராகப் பரவிய இனம் அது. ஆனால் அன்றைக்குப் பிரான்சில் பூச்சி சேகரிப்போர் கையில் அது அருமையாகவே அகப்பட்டது. லத்ரேய் அபூர்வம் என்று சொன்னது அந்தக் கணக்கில்தான்.

பதினைந்து வயது ரட்சகன்

டாக்டர் அந்த வண்டை எடுத்துக்கொண்டு போனார். போர்டோவில் பூச்சியும் செடியும் சேகரிக்கும் ஒரு பையனை அவருக்குத் தெரியும். போரி த சான் வான்சான் என்று பெயர். வயது பதினைந்து! வண்டு அந்தப் பையனிடம் போய்ச் சேர்ந்தது. சிறையிலிருக்கும் எந்த ஆசாமி இதை இனம் கண்டான் என்ற பேச்சு எழுந்தது. லத்ரேய் என்ற பெயரைக் கேட்டதும் பையன் திடுக்கிட்டான். அந்த மனிதர் எழுதியவற்றை அவன் அறிவான்.

பையன் சும்மா இருக்கவில்லை. தார்ஜெலா என்ற இன்னொரு போர்டோ நண்பரும் சேர்ந்துகொண்டார். பேசாதவர்களிடம் பேசினார்கள், தட்டாத கதவுகளைத் தட்டினார்கள். அந்த நாளில் ஒரு பாதிரியாருக்காகப் பரிந்து பேசுவதென்றால் பேசுகிறவன் தலைக்கே ஆபத்து. எப்படியோ காரியம் பலித்தது. லத்ரேயும், அவரோடு ஒரே அறையில் இருந்த கைதி ஒருவரும் விடுதலையானார்கள்.

உடன் இருந்த மற்றவர்கள்? ஒரு மாதத்துக்குள் அத்தனை பேரும் மாண்டுபோனார்கள்.

லத்ரேய் இதை மறக்கவில்லை. பல வருஷம் கழித்துப் பூச்சி இனங்களைப் பற்றி லத்தீனில் பெரிய நூல் ஒன்று எழுதினார். ஒவ்வொரு பூச்சிக்கும் உடம்பு இப்படி, கால் இப்படி, கொம்பு இப்படி என்று வறட்டு விவரங்கள்தான். ஆனால் செங்கழுத்து வண்டின் இடம் வந்ததும் பேனா தடம் மாறுகிறது. தேசம் தத்தளித்த காலத்தில் இந்தச் சின்னஞ்சிறு ஜீவனால் தமக்கு விடுதலை கிடைத்ததென்று எழுதி, போரி, தார்ஜெலா இருவர் பெயரையும் நன்றியோடு குறித்திருக்கிறார். அதிலும் தார்ஜெலாவுக்கே முதல் நன்றி. உலகம் போரியை நினைவில் வைத்துக்கொண்டு தார்ஜெலாவை மறந்துவிட்டது. போரி பின்னாளில் ரீயூனியன் தீவின் எரிமலையை ஆராய்ந்தவர், நெப்போலியன் படையில் பணியாற்றியவர், புகழ்பெற்றவர். தார்ஜெலாவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

குடும்பம் அமைத்தவர்

வெளியே வந்தவருக்கு வேலை இல்லை. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிப் பிழைத்தார். ஃபாப்ரீசியசுடன் கடிதத் தொடர்பு வைத்துக்கொண்டார். அவர் கொடுத்த ஊக்கத்தால் 1796-ல், கைப்பணத்தைப் போட்டு, சிறிய புத்தகம் ஒன்றை அச்சிட்டார். பூச்சி சாஸ்திரத்தைத் திருப்பிவிட்ட புத்தகம் அதுதான்.

அதற்கு முன்பு லின்னேயஸ் பூச்சிகளைச் சிறகை வைத்துப் பிரித்தார். ஃபாப்ரீசியசோ வாயுறுப்பை வைத்துப் பிரித்தார். ஒற்றை அடையாளத்தை வைத்துப் பிரித்தால் என்ன ஆகும்? கல்யாண வீட்டுக் கூட்டத்தில் மூக்கை மட்டும் பார்த்து யார் யாருக்கு உறவென்று சொல்லப் புறப்பட்டால், சம்பந்தியும் சமையற்காரரும் அண்ணன் தம்பியாகிவிடுவார்கள்! மூக்கு, முழி, நடை, குரல் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் உறவு பிடிபடும். லத்ரேய் செய்தது அதைத்தான். சிறகு, வாய், கால், கொம்பு அனைத்தையும் கூட்டிப் பார்த்து, இயற்கையாகவே ஒன்றுக்கொன்று நெருங்கியவற்றை ஒன்று சேர்த்தார். அப்படிச் சேர்ந்த கூட்டத்துக்குக் குடும்பம் என்று பெயர் கொடுத்தார். குடும்பமே அறியாத மனிதர்தான் பூச்சிகளுக்குக் குடும்பம் கண்டார்! 1796-ம் வருஷப் புத்தகத்தில் பல குடும்பங்களுக்கு அவர் பெயர்கூடச் சூட்டவில்லை. பெயர்கள் பின்னால் ஒவ்வொன்றாக வந்தன. அழுகல் தின்னும் வண்டுகளுக்கென்று தனிக் குடும்பம் வகுத்தவரும் அவர்தான்.

1797-ல் மறுபடியும் சோதனை. வீட்டுக் காவலில் வைத்தார்கள்; புத்தகங்களைப் பறிமுதல் செய்தார்கள். இந்தத் தடவை வண்டு வர வேண்டியிருக்கவில்லை. லாமார்க், கூவியே, லசெப்பேத் ஆகிய மூன்று ஜாம்பவான்கள் தலையிட்டு மீட்டார்கள். 1798-ல் பாரிஸ் இயற்கை வரலாற்றுக் காட்சிசாலையில் பூச்சிகளை அடுக்கி வைக்கும் உத்தியோகம் கிடைத்தது. பூச்சித் துறைக்குத் தலைமைப் பேராசிரியர் லாமார்க். லத்ரேய் அவருக்குக் கீழ்.

அங்கே அவர் உழைத்த உழைப்பு மலைக்க வைக்கும். 1802 முதல் 1805 வரை பூச்சிகளையும் நண்டினங்களையும் பற்றி 14 பாகங்கள். எறும்புகளுக்கென்று தனி நூல் ஒன்று. 1806 முதல் 1809 வரை முன்சொன்ன லத்தீன் நூல், நான்கு பாகங்கள். 1810-ல் வெளியிட்ட நூலில், ஒவ்வோர் இனத்துக்கும் மாதிரியாக எந்தப் பூச்சியை வைத்துக்கொள்ள வேண்டும் என்று குறித்துக் கொடுத்தார். இன்றைக்கும் பெயர்ச் சண்டை வந்தால் நிபுணர்கள் அந்தப் புத்தகத்தைப் புரட்டுகிறார்கள். கூவியே 1817-ல் விலங்குலகம் முழுவதையும் பற்றிப் பெரிய நூல் வெளியிட்டபோது, பூச்சிப் பகுதியைத் தாம் எழுதாமல் லத்ரேயிடம் விட்டார். கூவியே லேசில் யாரையும் நம்புகிறவர் அல்ல. 1814-ல் விஞ்ஞானக் கழகத்தில் அங்கத்தினராகவும் லத்ரேயைத் தேர்ந்தெடுத்தார்கள். யாருடைய இடத்துக்குத் தெரியுமா? நெக்ரோபியா என்ற பெயரைக் கொடுத்த அதே ஒலிவியே காலமான இடத்துக்கு!

பெருமை வந்தது, பதவி வரவில்லை. லாமார்க்குக்குக் கண் மங்கி, பிறகு பார்வையே போய்விட்டது. 1820 முதல் அவருக்குப் பதிலாக லத்ரேய் பாடம் நடத்தினார். நாற்காலி லாமார்க்குடையது, உழைப்பு லத்ரேயுடையது. 1829 டிசம்பரில் லாமார்க் காலமானார். அதன் பிறகே, 1830-ல், லத்ரேய் பேராசிரியரானார். அப்போது வயது 67. காட்சிசாலையில் நுழைந்து 32 வருஷம்! பல் இருந்தபோது பக்கோடா இல்லை. பக்கோடா வந்தபோது பல் இல்லை.

அதே வருஷம் மே மாதம், நெடுங்காலம் நோயில் கிடந்த அவர் மனைவி இறந்தார். குழந்தைகள் இல்லை. 1832-ல் பாரிசில் காலரா பரவியது. ஏப்ரல் 10-ந் தேதி பேராசிரியர் பதவியை ராஜிநாமா செய்துவிட்டுக் கிராமத்துக்குப் போய்விட்டார். அந்த ஆண்டில்தான் பிரான்சுப் பூச்சியியல் சங்கம் பிறந்தது. இளைஞர்கள் கூடி அமைத்த அந்தச் சங்கத்துக்குக் கௌரவத் தலைவராக லத்ரேயையே உட்கார்த்தினார்கள். நவம்பரில் பாரிசுக்குத் திரும்பினார். 1833 பிப்ரவரி 6-ந் தேதி சிறுநீர்ப்பை நோயால் காலமானார். காலரா அவரைத் தொடவில்லை.

சங்கத்தார் தங்களுக்குள் பணம் திரட்டினார்கள். பாரிசிலுள்ள பேர் லஷேஸ் கல்லறைத் தோட்டத்தில், அவரை அடக்கம் செய்த இடத்தில், ஒன்பது அடி உயரக் கல்தூண் எழுப்பினார்கள். தூணில் பல வாசகங்கள் வெட்டினார்கள். அவற்றில் ஒரு வரி, லத்ரேயைக் காப்பாற்றியவர் இன்னார் என்று லத்தீனில் அறிவிக்கிறது. அதில் இருப்பது போரியின் பெயர் அல்ல. தார்ஜெலாவின் பெயரும் அல்ல. நெக்ரோபியா ரூபிகாலிஸ் என்று அந்தச் செங்கழுத்து வண்டின் பெயரைத்தான் கல்லில் பொறித்திருக்கிறார்கள்.